டௌஸ்: காட்டுத்தீயை அணைத்தார்களா, நனைத்தார்களா?

மலர்விழி (கோத்தகிரி)

வணக்கம். சிறு தேயிலை விவசாயிகளுக்காக எங்கள் ஊரிலிருந்து வரும் ஒரு மாத இதழில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். ஆங்கில நாளிதழ்களில் வரும் மலைச் செய்திகளைச் சுருக்கித் தமிழில் தருவது என் பங்கு. உறைபனி விழுந்து புல் கருகியதிலிருந்து என் மேசைக்கு வருவதெல்லாம் தீச்செய்திதான். அவற்றில் ஓயாமல் வரும் வினைச்சொல் ‘டௌஸ்’ (douse).

ஒரே பக்கத்தில் இரண்டு செய்திகள். மேலே, வனத்துறையினரும் ஊர்மக்களும் சேர்ந்து காட்டுத்தீயை ‘டௌஸ்’ செய்தார்கள் என்று இருக்கிறது. கீழே, ஏதோ ஒரு மாவட்டத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு வந்த முதியவர் தன்னை மண்ணெண்ணெயால் ‘டௌஸ்’ செய்துகொண்டார், போலீசார் கேனைப் பிடுங்கிக் காப்பாற்றினார்கள் என்று இருக்கிறது. தீயை அணைப்பதற்கும் தீக்குளிக்கத் தயாராவதற்கும் ஒரே சொல்லா? எங்கள் அலுவலகத்தில் இருக்கும் பழைய அகராதி ‘நனை, அமிழ்த்து, அணை’ என்று மூன்றையும் வரிசையாகப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது.

எங்கள் ஆசிரியர் ‘தண்ணீர் ஊற்றி அணைத்தனர்’ என்று எழுதச் சொல்கிறார். அந்தத் தீக்குப் போய்வந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டால், “தண்ணீரா? குடிக்கிற தண்ணீரையே கீழேயிருந்து கேனில் சுமந்து போனோம்” என்று சிரிக்கிறார்கள். இதழைப் படிப்பவர்களும் அவர்களேதான். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இதற்குள் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தவர்கள் சொன்னால் ஆசிரியரிடம் தைரியமாகப் பேசுவேன்.

ஊட்டிக்காரன்

இதில் குழப்பமே இல்லை. ‘டௌஸ்’ என்றால் தண்ணீரில் முக்குவது, தண்ணீரைக் கொட்டுவது. நெருப்பில் கொட்டினால் அணையும், அவ்வளவுதான். போர்வெல் போடுவதற்கு முன் கவைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவரையும் ஆங்கிலத்தில் ‘டௌசர்’ என்றுதான் சொல்வார்கள். எல்லாவற்றுக்கும் வேர் தண்ணீர்தான். உங்கள் ஆசிரியர் சொல்வது சரி.

ஹோஸ்பைப் தாத்தா (அருவங்காடு)

மலர்விழி அம்மா, ஆசிரியர் சொல்வதைக் கேட்டு எழுதிவிடாதீர்கள். ஊட்டிக்காரத் தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம். வெவ்வேறு சொற்களை ஒன்றாகக் கலந்துவிட்டீர்கள்.

நான் இங்குள்ள கார்டைட் (ஒரு வகை வெடிமருந்து) தொழிற்சாலையின் தீயணைப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 1903இல் நிறுவப்பட்ட தொழிற்சாலை அது. என் அப்பாவும் அங்கே வேலை பார்த்தவர்தான். பணியில் சேர்ந்த காலத்திலிருந்து எனக்கு ஆங்கிலத் தீச்சொற்கள் மேல் ஒரு பித்து உண்டு. பயிற்சிப் புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன, எனக்கு ஆங்கிலம் தடுமாற்றம்; ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் குடைந்து குடைந்து பார்த்த பழக்கம் இன்னும் விடவில்லை.

முதலில் ஒன்று. அந்தப் புத்தகங்களில் ‘டௌஸ்’ என்ற சொல்லை நான் பார்த்ததே இல்லை. அங்கே எல்லாம் ‘எக்ஸ்டிங்குவிஷ்’தான், லத்தீனிலிருந்து வந்த கனத்த சொல். ஆங்கிலத்தில் அது பத்து எழுத்து, ‘டௌஸ்’ ஐந்தே எழுத்து. தலைப்புக்கு இடம் போதாமல் தவிக்கும் பத்திரிகைக்காரர்களுக்கு இதைவிட வசதியான சொல் கிடைக்குமா? அதனால்தான் ஓயாமல் வருகிறது.

இனி பிறப்புக்கு வருவோம். 1550களில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் தலைகாட்டும்போது அதற்குப் பொருள் ‘ஓங்கி அடி, குத்து, இடி’. ஆம், அடி! டச்சு மொழியின் பழைய வடிவத்தில் பலமாக அடிப்பதைக் குறிக்கும் ‘டொஸ்ஸன்’ என்ற சொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். 1620களில் இது கப்பல்காரர்களின் வாயில் புகுந்துவிட்டது. பாயைச் சட்டென்று இறக்குவதை ‘டௌஸ்’ என்றார்கள். அடிப்பது எப்படி இறக்குவதானது என்று கேட்கலாம். ‘ஸ்டிரைக்’ என்ற சொல்லைப் பாருங்கள். அதற்கும் பொருள் அடிதான். கப்பலில் பாயை ‘ஸ்டிரைக்’ செய் என்றால் இறக்கு என்று அர்த்தம். இரண்டும் ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

விளக்கை அணைப்பது என்ற பொருள் இன்னும் பிந்தியது. பிரான்சிஸ் குரோஸ் என்பவர் 1785இல் லண்டனில் ஒரு கொச்சைச்சொல் அகராதி வெளியிட்டார். திருடர்கள், சிப்பாய்கள், மாலுமிகள் பேசுகிற சொற்கள் எல்லாம் அதில் உண்டு. ‘டௌஸ் த கிளிம்’ என்றால் மெழுகுவர்த்தியை அணை என்று அதில் இருக்கிறது. ‘கிளிம்’ என்பது விளக்குக்கு அவர்கள் வைத்திருந்த செல்லப்பெயர். இருட்டில் எதிரிக் கண்ணில் படக்கூடாதென்றால் மாலுமிக்குப் பாயும் ஒன்றுதான் விளக்கும் ஒன்றுதான். இரண்டையும் இறக்கியாக வேண்டும். விளக்கிலிருந்துதான் அந்தச் சொல் பெருந்தீக்குத் தாவியது. இந்த வரிசையில் எங்கேயாவது வாளித் தண்ணீரைக் கண்டீர்களா?

தண்ணீர்ப் பொருளும் பழையதுதான், மறுக்கவில்லை. 1600ஐ ஒட்டி ‘நீரில் முக்கு, மேலே நீரைக் கொட்டு’ என்ற பொருளில் ஒரு ‘டௌஸ்’ வருகிறது. ஆக்ஸ்போர்டு பேரகராதி இதைத் தனிச்சொல்லாகவே வைக்கிறது, பிறப்பு தெரியாதது என்கிறது, அடிக்கிற ‘டௌஸோடு’ ஏதோ தொடர்பு இருக்கக்கூடும் என்றும் ஒப்புக்கொள்கிறது. மண்ணெண்ணெய்ச் செய்தியில் வருவது இந்தச் சொல். ஒலியும் எழுத்தும் ஒன்றாக இருந்ததால் பிற்காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டன.

நீரோட்டம் பார்ப்பவர் மூன்றாவது ஆள். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1691இல் அந்தக் கோலைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லுக்கும் பிறப்பு தெரியாது, நனைப்பதற்கும் அதற்கும் உறவு நிறுவப்படவில்லை. எழுத்திலும் ‘யு’வுக்குப் பதில் ‘டபிள்யூ’. உச்சரிப்பிலும் வேறுபாடு உண்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். வாயால் சொன்னால் ஒன்றின் கடைசி எழுத்து பாம்புபோல் சீறும், மற்றது வண்டுபோல் இரையும்.

ஆனால் நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் வேறு. ஓய்வுக்குப் பிறகு எங்கள் பக்கத்துச் சரிவுகளில் தீ விழுந்தால் வனத்துறை ஆட்களோடு நானும் போவதுண்டு. வயதாகிவிட்டது, இப்போது ஓரமாக நின்று கத்துவதோடு சரி. அங்கே தீயை அணைப்பது என்றால் அடிப்பதுதான். சரிவில் குழாயும் கிடையாது, வண்டி ஏறவும் பாதை கிடையாது. இலை அடர்ந்த பச்சைக் கிளையை ஆளுக்கொன்றாக ஒடித்துக்கொள்வோம். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) கிளையை மட்டும் தொடக்கூடாது, அதன் இலையில் எண்ணெய் இருக்கிறது. புதிதாக வரும் பையன்கள் கிளையைத் தலைக்கு மேல் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். அப்படி ஓங்கினால் நுனியில் ஒட்டிய பொறி முதுகுக்குப் பின்னால் போய்க் காய்ந்த புல்லில் விழும். ஒரு தீ இரண்டாகும். கிளையை முழங்காலுக்கு மேல் தூக்கக்கூடாது. அடித்ததும் எடுத்துவிடாமல் ஒரு கணம் தரையோடு அழுத்தி, எரிந்து கருத்த பக்கம் நோக்கி இழுக்க வேண்டும். நிற்பதும் கருத்த பக்கத்தில்தான். எரிந்த நிலத்தில் மறுபடி தீ ஓடாது. தீயின் தலைக்கு, அதாவது அது முன்னேறும் முனைக்கு நேரே, அதுவும் மேட்டுப் பக்கமாகப் போய் நிற்பவன் உயிரோடு விளையாடுகிறான். மேட்டில் ஏறும் தீயின் வேகத்துக்கு மனிதக் கால்கள் ஈடுகொடுக்காது. பக்கவாட்டிலிருந்து அடித்து அடித்துத் தலையைக் குறுக்கிக்கொண்டே போக வேண்டும்.

தீக்கு வேண்டியவை மூன்று: வெப்பம், எரிபொருள், காற்று. ஒன்றை எடுத்தால் போதும். குளிர்விப்பது, மூச்சை அடைப்பது, பட்டினி போடுவது என்று எங்கள் பயிற்சியாளர் சொல்லுவார். தண்ணீர் ஊற்றுவது முதல் வகை. கிளையால் அடிப்பது இரண்டாவது. வெயில் ஏறுவதற்கு முன்பே புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்களே, அது மூன்றாவது. நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டாவது வகை செல்லவே செல்லாது. கார்டைட் தனக்கு வேண்டிய பிராணவாயுவைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் பொருள். மணலைப் போட்டு மூடினாலும் உள்ளே எரியும். அங்கே வெள்ளமாகத் தண்ணீரைக் கொட்டுவது ஒன்றே வழி. மலைச்சரிவில் நேர்மாறு: தண்ணீர் கிடையாது, அடியும் கோடும்தான். ஆகவே ‘தண்ணீர் ஊற்றி’ என்று எழுதினால் போனவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

நிர்மலா டீச்சர் (குன்னூர்)

தாத்தா ஒரு சொல்லை விட்டுவிட்டார். ஆங்கிலத்தில் அணைப்பதற்கென்றே ‘டௌட்’ என்ற வினை ஒன்று இருந்தது; 1520களிலிருந்து எழுத்தில் கிடைக்கிறது. ‘டூ அவுட்’ என்ற இரண்டு சொற்கள் சுருங்கி ஒன்றானது. உடை உடுத்துவதற்கு ‘டூ ஆன்’ சுருங்கி ‘டான்’ ஆனது, கழற்றுவதற்கு ‘டூ ஆஃப்’ சுருங்கி ‘டாஃப்’ ஆனது, அதே குடும்பம். மற்ற இரண்டும் இன்றும் எழுத்தில் இருக்கின்றன. ‘டௌட்’ இங்கிலாந்தின் சில வட்டாரப் பேச்சுகளுக்குள் ஒதுங்கிவிட்டது. ‘டௌஸ்’ என்ற சொல்லுக்கு அணைக்கும் பொருள் ஏறியதில் இதன் சாயலும் இருக்கலாம் என்பது அகராதிகள் சொல்வது.

இந்தச் சொல் ஒதுங்கியதற்கு அதன் ஒலியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சந்தேகத்தைக் குறிக்கும் ‘டௌட்’டும் இதுவும் காதுக்கு ஒன்றே. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஓபீலியா நீரில் மூழ்கி இறந்த செய்தி வந்ததும் அவள் அண்ணன் லேர்ட்டிஸ் பேசும் இடத்தைப் பாருங்கள். தீயாக எரியத் துடிக்கும் பேச்சு என்னிடம் இருக்கிறது, ஆனால் இந்த அழுகை அதை அணைத்துவிடுகிறது என்கிறான். 1623ஆம் ஆண்டுப் பெரும்பதிப்பில் அச்சானது சந்தேக ‘டௌட்’. அதற்கு முந்தைய ஒரு பதிப்பில் ‘மூழ்கடிக்கிறது’ என்ற பொருளுள்ள வேறு சொல்லே இருக்கிறது. பிற்காலப் பதிப்பாசிரியர்கள்தான் இது அணைக்கும் ‘டௌட்’டாக இருக்க வேண்டும் என்று திருத்திக்கொண்டார்கள். வகுப்பில் இந்த வரி வரும்போதெல்லாம் பிள்ளைகள் “டீச்சர், கண்ணீர் எப்படிச் சந்தேகப்படும்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி.

மெழுகுவர்த்தித் திரியை ஊதாமல் அணைக்க, கத்தரிக்கோல் போலிருந்து நுனியில் இரண்டு தட்டை வில்லைகள் வைத்த ஒரு கருவியும் உண்டு. அதற்குப் பெயர் ‘டௌட்டர்’. திரியை இரண்டு வில்லைகளுக்கும் நடுவில் வைத்து நசுக்கினால் புகை கிளம்பாது. நம் வீட்டில் பாட்டிமார் குத்துவிளக்குத் திரியைப் பூக்காம்பால் எண்ணெய்க்குள் இழுத்து அமர்த்துவார்களே, வேலை ஒன்றுதான். அவர்களிடம் ‘அணை’ என்று சொல்லிப் பாருங்கள், அடி விழும். ‘குளிரவை’ அல்லது ‘மலையேற்று’ என்றுதான் சொல்ல வேண்டும். மலையிலேயே குடியிருப்பவர்களும் ‘விளக்கு மலையேறிவிட்டது’ என்று சொல்வதைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

மன்னவனூரான் (கொடைக்கானல் மேல்மலை)

சொல் ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. அடிப்பது பற்றித் தாத்தா சொன்னதில் ஒரு திருத்தம். எங்கள் பக்கத்தில் பைன் காடுகள் அதிகம். தரையில் பைன் ஊசியிலை மெத்தை மாதிரி கிடக்கும். அதில் கிளையால் அடித்தால் எரிகிற ஊசிகள் நாலா பக்கமும் தெறிக்கும். நாங்கள் தீக்குச் சற்று முன்னால் போய் ஊசிகளை வாரி ஒதுக்கி, மண் தெரிகிற அளவுக்குத் தடம் எடுத்துவிட்டு அங்கே காத்திருப்போம். புல்வெளித் தீயில்தான் அடி செல்லும்.

இன்னொன்று கேட்கிறேன் அம்மா. செய்தியில் ‘டௌஸ்’ என்று போடுகிறார்களே, அது உண்மையிலேயே அணைந்துவிட்டதா, இல்லை கட்டுக்குள் வந்ததா? மாலையில் அணைத்தாயிற்று என்று போட்ட தீ மறுநாள் காலையில் எங்கள் ஊருக்கு மேலே புகைந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். கவுஞ்சிப் பக்கம் கேட்டாலும் இதையே சொல்வார்கள்.

ஹோஸ்பைப் தாத்தா (அருவங்காடு)

மன்னவனூர்த் தம்பி சொன்னது முழுக்கச் சரி. பைன் ஊசியில் அடிக்கக்கூடாது. எங்கள் பக்கத்தில் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் புல்லும்தான், அதை வைத்து எழுதினேன்.

உங்கள் கேள்வி மொழிபெயர்ப்பாளருக்கு ‘டௌஸ்’ என்ற சொல்லின் பிறப்பைவிட முக்கியமானது. கட்டுக்குள் வருவது என்றால் தீயைச் சுற்றி ஒரு வளையம் முடிந்துவிட்டது, அதைத் தாண்டி இனிப் போகாது என்பது மட்டுமே. உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கும். சுடர் அடங்கிய பிறகும் சீகையின் அடிக்கட்டையும் வேரும் மண்ணுக்குள் கனன்றுகொண்டிருக்கும். காய்ந்த காட்டெருமைச் சாணம் இருக்கிறதே, வெளியே சாம்பல், காலால் தட்டினால் உள்ளே சிவப்பு. ஒரு காற்று வீசினால் போதும். புறங்கையை அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்த்து, கட்டையைப் புரட்டி, மண்ணை வாரிப் போட்டு, தேயிலைக்கு மருந்தடிக்கும் பம்பில் தண்ணீர் சுமந்துபோய்ப் பீய்ச்சுவதெல்லாம் இந்தக் கட்டத்தில்தான். தண்ணீர் வருவதானால் இங்கேதான் வருகிறது, அதுவும் முதுகில் வருகிறது. புகைப்படம் எடுக்க அப்போது ஒருவரும் வருவதில்லை.

வானத்திலிருந்தும் தண்ணீர் வந்ததுண்டு. 2024 மார்ச்சில் குன்னூர்க் காட்டுத்தீக்கு விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் தொங்குவாளியில் மொண்டு 16,000 லிட்டருக்கு மேல் ஊற்றியது. அந்தச் செய்தியில் ‘தண்ணீர் ஊற்றி’ என்று எழுதியவர்கள் தாராளமாக எழுதியிருக்கலாம். அப்போதும் கீழே கிளையோடு நின்றவர்கள் நின்றார்கள்.

மலர்விழி (கோத்தகிரி)

எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்கு நான் பிடித்துக்கொண்டது இது. ‘டௌஸ்’ செய்யப்படுவது தீயோ விளக்கோ சுடரோ என்றால் ‘அணை’. மனிதரோ துணியோ விறகோ என்றால் ‘ஊற்று’ அல்லது ‘நனை’, எதை ஊற்றினார்கள் என்பது பக்கத்திலேயே இருக்கும். ‘தீயைத் தண்ணீரால் டௌஸ்’ என்று எழுதியிருந்தால் மட்டும் தண்ணீரையும் தமிழில் கொண்டுவருவேன். மூலத்தில் இல்லாத தண்ணீரை நாங்கள் சேர்க்க வேண்டியதில்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன். “சரி, அடித்து அணைத்தனர் என்று போடு” என்கிறார்! மூலத்தில் அடியும் இல்லையே.

நான் எழுதி வைத்திருக்கும் வரி: ‘வனத்துறையினரும் ஊர்மக்களும் சேர்ந்து மூன்று நாள் போராடித் தீயை முற்றிலும் அணைத்தனர்.’ சரியா?

ஊட்டிக்காரன்

கவைக்குச்சியை நான் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை, ஆனால் வரி நன்றாக இருக்கிறது.

ஹோஸ்பைப் தாத்தா (அருவங்காடு)

‘முற்றிலும்’ மூலத்தில் இருக்கிறதா அம்மா? இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். ஆசிரியரின் அடியை உள்ளே விட வேண்டாம், உங்கள் தெருவில் இருக்கிறவர்களிடம் கேட்டு அவர்கள் சொன்னதாகத் தனி வரியாகப் போடுங்கள். எந்தக் கிளையை ஒடித்தார்கள் என்றும் கேட்டு இங்கே எழுதுங்கள். கற்பூர மரம் என்று சொன்னால் நான் நேரில் வந்து பேசிக்கொள்கிறேன்.